கறுப்பு டேப்

டார்கானிலிருந்து உலான்பாதருக்கு
ஒரு நாளைக்கு ஒரு நடை, திரும்ப ஒரு நடை.
நகோயாவில் பதினொரு வருடம் யாருக்கோ உழைத்துவிட்டுக்
கப்பலேறி வந்த கார்.
சாவியைத் திருப்பியதும்
உள்ளிருந்து ஒருத்தி ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்வாள்.
மூன்று குளிர்காலமாகச் சொல்கிறாள்.
கண்டிப்பான குரல்.
பிரேக்கைப் பற்றியோ, என் பிழைப்பைப் பற்றியோ.
முடிக்கும்வரை கியரைத் தொடமாட்டேன்.

விளக்குகளை எனக்குத் தெரியும்.
பச்சையும் நீலமும் பேச்சுத்துணை;
நீலத் தெர்மாமீட்டர் எரிந்தால்
எஞ்சின் இன்னும் விறைத்திருக்கிறது, விரட்டாதே.
மஞ்சள் கடன்காரன் மாதிரி,
இன்றைக்கே என்று கேட்கமாட்டான்,
வாசலைவிட்டும் போகமாட்டான்.
லாடத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி வந்தால்
டயரில் காற்று குறைவு. ஜனவரியில் தினமும் வரும்,
குளிருக்குக் காற்றும் ஒடுங்கத்தானே செய்யும்,
நிரப்பிவிட்டுக் கிளம்பலாம்.
எஞ்சின் வடிவ மஞ்சளுக்கு மட்டும்
அக்டோபரில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினேன்.
பயணிகள் பார்க்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன்.
பார்த்தது நான்.

பயாங்கோல் தாண்டி ஒரு வளைவில்
சிவப்பு மினுங்கியது:
மூக்கு நீண்ட கெண்டி, நுனியில் ஒரு சொட்டு.
நேர்ச்சாலையில் அணைந்தது.
அடுத்த வளைவில் வந்தது, அணையவில்லை.
"உன் கார் தேநீர் கேட்கிறது" என்றார்
முன்சீட்டில் நியாம்தோர்ஜ்.
பின்னால் பல் மருத்துவம் படிக்கும் பெண் சிரித்தாள்.
உறைந்த ஆட்டுத்தொடையை மடியில் வைத்திருந்தவர்
சிரிக்கவில்லை.

நிறுத்தினேன்.
காரை மட்டுமல்ல, எஞ்சினையும்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
இந்த மாதத்தில் நடுவழியில் எஞ்சினை அணைப்பவள்
எரியும் அடுப்பில் தண்ணீர் ஊற்றுபவள்.
"நாற்பது கிலோமீட்டரில் பங்க் இருக்கிறது" என்றார் ஆட்டுத்தொடை,
"மெதுவாகப் போகலாமே."
எண்ணெய் ஏறாத எஞ்சினுக்கு
மெதுவும் வேகமும் ஒன்று.
இரும்பு இரும்பைத் தின்னத் தொடங்கினால்
நாலு கிலோமீட்டர் தாங்காது,
பிறகு ராத்திரி முழுக்க இதே குளிர்தான் என்றேன்.
சொல்லும்போது என் பற்களே
ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன.

கம்பியை உருவித் துடைத்து
மறுபடி விட்டு உருவினேன்.
நுனியில் எறும்பின் தலையளவு கறுப்பு.
டிக்கியிலிருந்த எண்ணெய் டப்பாவோ
பாகாக இறுகி, கவிழ்த்தாலும் வர மறுத்தது.
அங்கியின் இடைவாரைத் தளர்த்தி
டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
இருபது நிமிடம்.
நாலு பேர் மூச்சும் கண்ணாடியின் உள்பக்கம்
பனியாகப் படிந்தது.
அந்தப் பெண் எட்டிக் குனிந்து
தன் கையுறைகளை டப்பாவின் அடியில் செருகினாள்.

அப்போதுதான் நியாம்தோர்ஜ் கேட்டார்:
"காலையில் அந்தக் குரல் சொன்னதே, சரிசெய்யவில்லையா?"
ஒசாகாவில் நாலு வருடம் தட்டு கழுவியவராம்.
"என்ன சொன்னாள்?"
"சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை."

மூன்று குளிர்காலம்.
அந்தச் சுங்கச்சாவடி கடலுக்கு அப்பால் இருக்கிறது.
அவளுக்கு நான் மரியாதையாகக் காது கொடுத்தேன்,
சொல்ல ஏதோ வைத்திருந்ததன் வாயில்
டேப் ஒட்டினேன்.
இந்தச் சிவப்புக்கும் அந்த மஞ்சளுக்கும்
தொடர்புண்டா என்று இப்போதும் தெரியாது.

எண்ணெய் இளகியது.
ஊற்றினேன், பொறுத்தேன், அளந்தேன்.
இரண்டு கோட்டுக்கும் நடுவே.
சாவி.
எல்லா விளக்கும் ஒருமுறை சேர்ந்து எரிந்து
ஒவ்வொன்றாக அணைந்தன,
கெண்டி கடைசியாக.

டேப்பை நகத்தால் உரித்தேன்.
மஞ்சள் அங்கேயே இருந்தது,
அக்டோபரிலிருந்து எரிந்துகொண்டு.
"செவ்வாய்க்கிழமை. துவ்ஷின் பட்டறை" என்றேன்,
அதனிடமா இவர்களிடமா தெரியாமல்.

ஜப்பான்காரி வழக்கம்போல் தொடங்கினாள்.
பின்சீட்டிலிருந்து ஆட்டுத்தொடை குறுக்கிட்டார்:
"அட்டை இல்லை, அம்மா.
நீ விடு."