சலவை அறையில் ஒரு கணக்கு

ஓல்டனில், இந்தக் கட்டடத்தில், எங்கள் முறை
இரண்டு வியாழனுக்கு ஒருதரம்.
நிலவறையில் ஒரே இயந்திரம், பதினோரு குடும்பம்.
சாவிக்குக் கையெழுத்துப் போட வேண்டும்.
இரவு ஒன்பதைத் தாண்டினால்
மூன்றாம் மாடி ஆம்ஸ்லர் அம்மையார்
செருப்புச் சத்தத்தோடு இறங்கி வருவார்.

ஐந்து வயதில் துவாரகனை
இதே கூடைக்குள் இருத்திக் கேட்டிருக்கிறேன்:
உனக்கு அக்கா இருக்கிறாவா?
ஓம், ஆரபி.
ஆரபிக்குத் தம்பி இருக்கிறானா?
யோசித்தான். கண்ணாடிக்குப் பின்னால்
நுரை மூன்று சுற்றுச் சுற்றியது.
இல்லை.
எண்ணுகிறவன் தன்னை எண்ணாத வயது.

அந்த மாரியில்தான்
வாளி நிறையப் பனி அள்ளிக்கொண்டு வந்து
குசினியில் வைத்துவிட்டுப் படுத்தான்.
விடிய, அடியில் நாலு விரல் தண்ணீர்.
மிச்சத்தை ஆர் குடிச்சது என்று அழுதான்.
ஆரபியின் வாயை மணந்து பார்த்தான்.

எப்போது மாறியது, தெரியாது.
விழுந்த பற்களுக்குத் திகதி எழுதி
டப்பாவில் வைத்திருக்கிறேன்.
இதற்கு ஒரு திகதியும் இல்லை.
போன மாதம் பேருந்தில் வம்புக்குக் கேட்டேன்:
இதில் பிள்ளைகள் கூடவா, ஆட்கள் கூடவா?
"பிள்ளையும் ஆள்தானே" என்றான்,
என்னைக் கொஞ்சம் இரக்கமாகப் பார்த்து.

இன்று எட்டு வயது.
காலுறைகளைச் சோடி சேர்க்கிறான்.
முதலில் நிறம், பிறகு நீளம்,
பிறகு குதிக்காலின் தேய்வு.

"மாமா போன கிழமை போனில சொன்னவர்,
தனக்கு ரெண்டு தங்கச்சி எண்டு."
ஓம் என்றேன், கவனமில்லாமல்.
"ஒண்டு நீங்கள்."
ஓம்.
"எனக்கு நீங்கள் சொன்னது,
உங்களுக்கு மாமா மட்டும்தான் எண்டு."

துவாலையை நான்காய் மடித்தேன்.
விரித்தேன். திரும்ப மடித்தேன்.

"அப்ப அந்த மற்ற ஆள்
உங்களுக்கும் சகோதரம்.
வேற மாதிரி வராது, அம்மா."

வராதுதான்.
பதினெட்டு வருடமாய் நான் சாத்தி வைத்த கதவு.
அவன் தட்டவேயில்லை.
பின்வாசலால் வந்து உள்ளே நிற்கிறான்,
கையில் சோடி கிடைக்காத ஒரு நீலக் காலுறையோடு.

"தங்கச்சி" என்றேன். "ரூபவதனி.
பதினாறு வயசு மட்டும்."

மட்டும் என்றால் என்னவென்று
அவன் கேட்பான் என்று நினைத்தேன்.
தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தம்.
உதடு அசைகிறது, விரல் ஒன்று மடிகிறது,
எதையோ முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்க்கிறான்.

"அப்ப அவவுக்கு
ஒரு அக்கா இருக்கிறா" என்றான்.

இருக்கிறா.
பிழை எங்கே என்று தேடினேன்.
இன்னும் பதினொரு நிமிடம்
என்று காட்டியது இயந்திரம்.