614-ஆம் அறையின் பாறைகள்

எங்கள் ஹோட்டலில் எழுபத்திரண்டு அறைகள்.
எழுபத்திரண்டிலும் ஒரே படம்.
பிரெஞ்சுக்காரர் ஒருவர் வரைந்ததன் அச்சு என்று
புவான் ரோஹானா சொன்னார். பெயரும் சொன்னார்,
என் வாயில் நிற்கவில்லை.

சிவப்புப் பாறை. அதன் நிழல் ஊதா.
நிழலைக் கறுப்பில் போடாத ஆளை
அன்றுதான் அறிந்தேன்.
கடல் ஓரிடத்தில் பச்சை, ஓரிடத்தில்
நாவல்பழம் தின்ற நாக்கு.
வளைந்த மரம் ஒன்று
விழாமலிருக்க மலையைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

என் வீட்டுக்காரர் புக்கிட் மெர்தாஜாம் கல்லுடைப்பில்
பத்தொன்பது வருஷம் லோரி ஓட்டியவர்.
கைப்பேசியில் காட்டினேன்.
"இது வெடி வைக்காத மலை" என்றார்.
சோற்றைப் பிசைந்தார்.
பிறகு கை கழுவும்போது,
"மழை பெஞ்ச மறுநாள் கருங்கல்லும்
இப்படித்தான் நிறம் காட்டும்.
சூப்பர்வைசர் வர்றதுக்குள்ள காஞ்சிடும்."

துடைத்துத் துடைத்து
எந்த அறையில் எந்தக் கண்ணாடி கீறல் என்று தெரியும்.
403-இல் வெயில் பட்டுப் பட்டு
பாறை ரோஜா மிட்டாய் ஆகிவிட்டது.
ஒருநாள் 210-இல் தலைகீழாக மாட்டினேன்.
மூன்று வாரம், பதினோரு பேர் தங்கினார்கள்.
யாரும் புகார் எழுதவில்லை.
கடல் மேலே இருந்தது, அவ்வளவுதான்.

614-இல் கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம்.
பையன் தஷ்வின், ஆறு வயது, கட்டிலில் நின்றபடி
"ஆண்டி, இது எங்க இருக்கு?"
நான் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தேன்.
வாய் தானாகச் சொன்னது:
"101 பஸ் ஏறு. தெலுக் பஹாங்குல இறங்கு.
அப்புறம் நடக்கணும்."

அந்தப் பொய்யோடு
கடைசி ஃபெரியில் அக்கரை போனேன்.
திரும்பிப் பார்த்தால் தீவின் மலை
வெறும் கறுப்பு.

மறுநாள் மாலை, கம்பளமெங்கும் செம்மண்.
கதவிலிருந்து கட்டில் வரை
சின்னச் சின்னச் செருப்புத் தடம்.
"போனோம் ஆண்டி! அந்த மரம் மட்டும் கிடைக்கல."
அவன் அம்மா மன்னிப்புக் கேட்டாள்.

சோப்புத் தண்ணீர், பிரஷ், அரைமணி நேரம்.
தடம் நனைய நனைய
ஓரத்தில் ஊதா ஏறியது.
முழங்காலிட்டபடி
கொஞ்ச நேரம் தேய்க்காமல் இருந்தேன்.

பிறகு 615.