ஐஸ் தட்டில் புல்

வாத்துக் காய்ச்சல் வந்த மார்கழியில்
புளியரைச் சாவடியில் எனக்கு வேலை
டயருக்கு மருந்தடிப்பது.
முன்சக்கரம், பின்சக்கரம், அடியில் தொங்கும் ஸ்டெப்னி.
கோட்டவாசலிலிருந்து இறங்கும் எதுவானாலும்
ஒரே நாற்றம் பூசி அனுப்புவேன்.

ரப்பர் ஷீட் ஏற்றிய லாரியின் கேபினில்
ஒரு கூண்டு.
நாலு லவ் பேர்ட்ஸ். இரண்டு பச்சை, ஒரு நீலம்,
என்ன நிறமென்று சொல்ல வராத இன்னொன்று.
இறகு முளைத்தது எதுவும் தாண்டக் கூடாதென்று
ஆர்டர் ஒட்டியிருந்தது என் தலைக்கு மேலேயே.
"சேச்சி, ரெண்டு திவசம். சரக்கிறக்கிட்டு வந்துடும்"
என்றான் புனலூர் ஷிபுலால்.
டாக்டர் சாப்பிடப் போயிருந்த நேரம்.
மருந்து டப்பாவை இடக்கைக்கு மாற்றினேன்.
எல்லை தாண்டியது வலக்கைதான்.

அரைக்கிலோ தினை தந்திருந்தான்.
அதை இறைத்துவிட்டு
ஜன்னலுக்கு வெளியே ஆடும் பச்சையையே பார்த்தன.

ரோட்டோரப் புல் வேண்டாம்,
நான் அடித்த மருந்து எனக்குத் தெரியும்.
வயல் வரப்பு வேண்டாம்,
களைக்கொல்லி பட்ட மஞ்சள் தூரத்திலேயே தெரிந்தது.
எடைமேடைக்குப் பின்னால்
தார்ப்பாய் உதறும் இடத்தில் கண்டேன்:
எந்தெந்த ஊர் மூட்டையிலிருந்தோ ஒழுகிய
கம்பும் குதிரைவாலியும்
கார்த்திகை மழைக்கு இடுப்புயரம் நின்றன.

நகத்தால் கிள்ளிப் பார்ப்பேன்.
வெள்ளையாய்க் கசிந்தால் பால் பிடித்த கதிர்.
நொறுங்கினால் நாள் கடந்தது.

முதல் கட்டை ஈரத்தோடு பாலிதீனில் அடைத்தேன்.
மூன்றாம் நாள் கொழகொழத்து
நனைந்த செருப்பு வாடை அடித்தது.
குப்பையில் போட்ட பிறகு புத்தி வந்தது.
பனி உலர்ந்து அறுக்கணும்,
அலசி, உதறி, காற்றாட விரிக்கணும்,
பழைய வாயில் சேலையைக் கிழித்து
லேசாய் நனைத்து, பிழிந்து, சுற்றி
கீழ்த்தட்டில் வைத்தால் நாலு நாள் தாங்கும்.
கதிரை மட்டும் கத்தரித்து மேலே, ஐஸில்.

ஆபீஸ் மாதிரிப் பைகள் கைக்கு வந்தன.
அதில் அச்சடித்திருக்கும்:
கோழி / வாத்து / பிற.
'பிற'வில் டிக் போட்டுத் தேதி எழுதினேன்.

"சாளை மீனை எங்கட்டி வைக்க?"
என்பார் வீட்டுக்காரர்.
அவரேதான் ராத்திரி கூண்டுக்குச் சாக்கு மூடுவார்.

தை கடைசியில் ஆபீஸ் பிரிட்ஜ் கெட்டது.
கோமாரி ஊசி மருந்துப் பெட்டியோடு
டாக்டர் மரியசூசை என் வாசலில்.
"ஒரு ராத்திரி உங்க வீட்ல இருக்கட்டும்மா."
வேண்டாமென்று சொல்ல நாக்கு புரளவில்லை.
மருந்து கீழே போனது.
ஐஸ் கட்டிக்கு மேல்தட்டைத் திறந்தார்.
பதினோரு பை. பதினோரு 'பிற'.

"மாடு வச்சிருக்கியளா?"
"சின்னதா ஒண்ணு, சார்."
அந்நேரம் பார்த்து
உள்ளறையில் மாடு கீச்சிட்டது,
நாலு குரலில்.

அவர் ஒரு பையை வெளிச்சத்தில் பிடித்தார்.
தேதியைப் படித்தார்.
என் கையெழுத்தை ரிஜிஸ்டரில் தினம் பார்ப்பவர்.
பைகளை ஒரு பக்கம் ஒதுக்கி
ஐஸ் கட்டியைச் செருகினார்.
"உறைஞ்சதை அப்படியே போட்டுராதீய.
தண்ணியில விட்டு, துடைச்சுப் போடணும்."
செருப்பை மாட்டிக்கொண்டே சேர்த்தார்:
"மாட்டுக்குச் சொன்னேன்."

இப்போது பங்குனி.
எடைமேடைக்குப் பின்னால் வெறும் புழுதி.
ஆர்டரைக் கிழித்தாயிற்று, பசை மட்டும் சுவரில்.
ஷிபுலால் எண்ணுக்கு அடித்தால்
ஒரு பெண் மலையாளத்தில் ஏதோ சொல்கிறாள்,
ஒவ்வொரு முறையும் அதையே.
கொல்லம் வண்டி நின்றால்
கேபினைப் பார்த்துவிட்டுத்தான் டயருக்குக் குனிகிறேன்.

மிச்சம் ஐந்து பை.
பழையதை முதலில் எடுப்பது வழக்கம்.
இன்று தை எட்டு.
வெந்நீர் வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும்,
கிண்ணத்தில் கதிர் மெல்ல இளகிப்
பச்சையாகும் வரை நிற்பேன்.
கம்பியில் செருகியதும்
நீலம் முதலில் வந்து
தலைகீழாய்த் தொங்கியது.