எடையில் ஒரு பிழை

கஞ்சிக்கோட்டில் டயர் கடைக்கு மேலே மாடி.
நீதிமன்ற உத்தரவு என் பையில், இரண்டு பக்கம்:
கணினிகளைப் பிரதியெடு, முத்திரையிடு, திரும்பி வா.
யாரிடமும் எதையும் கேட்காதே என்று அதில் இல்லை.
கேள் என்றும் இல்லை.

வாதி நிஜாமுதீன், வாளையாருக்கு அந்தப் பக்கம், சாவடியில்
எடைமேடைகளுக்கு மென்பொருள் விற்கிறவர்.
பிரதிவாதி கிருபாகரன், இந்தப் பக்கம்.
ஆறு வருஷம் அவருக்கு அதை எழுதிக் கொடுத்தவன்.
இரண்டு கம்பெனிக்கும் நடுவே அரை மணி நேரம்,
லாரி கவிழ்ந்தால் பாதி நாள்.

எந்த அச்சில் எத்தனை பாரம் விழும் என்று
ஏற்றும் முன்பே சொல்லிவிடும் கணக்கு அது.
சிமெண்டுக்கு ஒரு விதம்,
மழையில் நனைந்த வெங்காயத்துக்கு வேறு விதம்.
அந்த வேறு விதம்தான் ரகசியம்.
களவு போனது அதுதான் என்கிறது மனு, பத்தி பதினெட்டு.

சாட்சி?
கொழிஞ்சாம்பாறை எடைமேடையின் திரையில் ஒருநாள்
பழுது என்று வந்து நின்ற ஒரே ஒரு வரி.
'வெயிட்' என்ற இங்கிலீஷ் சொல்லில்
நடுவே இரண்டு எழுத்து இடம் மாறிக் கிடந்தது.
சாவடி நிரலிலும் அப்படியே, நாற்பத்தொரு இடத்தில்.
சரியானதை யாரும் எழுதலாம் கனம் கோர்ட்டாரே,
தப்பு ஒருத்தருக்குத்தான் சொந்தம் என்று
வாதியின் வக்கீல் எர்ணாகுளத்திலிருந்து வந்து சொன்னார்.
அந்த வாக்கியத்துக்கு மட்டும் எவ்வளவு வாங்கினாரோ.

பிரதியெடுக்க நான்கு மணி நேரம் ஆயிற்று.
கணவாய்க் காற்று ஜன்னல் வழி வந்து
மெழுகுவர்த்தியை மூன்று தரம் அணைத்தது.
ஆமீன் கை குவித்துப் பிடித்தார், அரக்கு உருகியது,
"மதி சாரே, ஒட்டிப் போயி" என்றார் என்னைப் பார்த்து.
நான் சார் இல்லை. திருத்தவில்லை.
வேலைக்கு இருந்த மூன்று பையன்கள்
வெறும் மேஜைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்,
சம்பளம் வருமா என்று கேட்காமல்.

பெட்டிக்கு ரசீது வேண்டும்.
கிருபாகரனிடம் பேனாவைக் கொடுத்தேன்:
எண்ணிக்கை, நிறம், எடை, கையெழுத்து.
எழுதினான்.
'வெயிட்' என்ற இடத்தில் அதே இரண்டு எழுத்து
அதே மாதிரி இடம் மாறி.
அவன் பார்க்கவில்லை. ஆமீன் பார்க்கவில்லை.
கோப்பைத் தூக்கிப் போயிருந்தால் பென்டிரைவில் இருக்கும்;
இது விரலில் இருக்கிறது.
விரலுக்கு அரக்கு வைக்க உத்தரவில் இடமில்லை.
பென்டிரைவைச் சொருகியிருந்தால்
அதுவும் இதே விரல்தான், அதையும் நினைத்தேன்.
ரசீதை மடித்தேன். இணைப்பு ஏழு.

பாலக்காட்டில் ஷைலஜா தட்டச்சு செய்தாள்.
பதினாறு வருஷ அனுபவம், நல்ல பெண்.
அசல் உறைக்குள், நகல் கோப்புக்குள்;
நகலில் பிழையைத் திருத்தியிருந்தாள்.
ராத்திரி ஒன்பது மணிக்கு அலுவலகத்தைத் திறந்து
திருத்தத்தை அடித்து,
பிழையை மறுபடி எழுதி,
ஓரத்தில் என் சுருக்கொப்பம் வைத்தேன்.

விசாரணை நாளில் நீதிபதி கண்ணாடியை இறக்கினார்:
"கமிஷனருக்கு வெயிட் எழுத வராதா?"
அவை சிரித்தது. எர்ணாகுளம் உரக்கச் சிரித்தது.
"என் பிழை இல்லை. இணைப்பு ஏழு,
பிரதிவாதி என் முன்னால் கைப்பட எழுதியது."

கிருபாகரன் தன் வலது கையைப் பார்த்தான்,
யாரோ மறந்து வைத்துப் போனது போல.

நிஜாமுதீனும் சிரிக்கவில்லை.
அந்த நிரலின் ஒவ்வொரு வரியையும்
சரி பார்த்து அனுப்பியவர் அவர்தானாம், ஆறு வருஷமும்.
நாற்பத்தொரு தரம் கண்ணில் பட்டிருக்கும்.
ஒரு தரம்கூடத் திருத்தச் சொன்னதில்லை.
ஏன் என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள்.
வாயைத் திறந்தார்.
அதற்குள் அவர் வக்கீல் எழுந்து
ஆட்சேபம் என்றார்.

வாய்தா, பதினான்காம் தேதிக்கு.