செயலில் மாற்றமில்லை

டார்ட்டு நகரில் பிப்ரவரி.
ஆறு இறுகிவிட்டது, ஆட்கள் அதன்மேல் நடந்து வேலைக்குப் போகிறார்கள்.
நான்காவது மாடியில் த்ரீனு
காலுறைமேல் காலுறை மாட்டிக்கொண்டு
யாரோ பதினாறு வருடம் முன்பு எழுதிய
ஒரு வரியை முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

வழக்கு இதுதான்.
வோருவுக்குத் தெற்கே ஐவார் செம்மறி வளர்க்கிறார்.
தொட்டித் தண்ணீர் உறையாதிருக்க ஒரு சூடேற்றி,
ஒரு வெப்பமானி,
இரண்டையும் பேச வைக்க நகத்தளவு சில்லு.
பூஜ்யம் வரை பேச்சு ஒழுங்கு.
ஒரு டிகிரி கீழே இறங்கியதும்
சில்லு சொல்கிறது: இருநூற்று ஐம்பத்தைந்து.
கொதிக்கிறதாக்கும் என்று நம்பி
சூடேற்றி அணைந்துகொள்கிறது.
விடியலில் ஐவார் கோடரியோடு வருகிறார்.

அவர் மகள் எழுதிய நிரலில் குற்றமில்லை.
எழுதியதை எந்திரத்துக்கு எடுத்துச் சொல்லும் கம்பைலரில்,
எல்லோருடையதுமான, யாருடையதுமல்லாத
அந்தப் பெரிய கட்டடத்தின் ஏதோ ஒரு படியில்
கழித்தல் குறி கழன்று விழுகிறது.

த்ரீனு படியைக் கண்டுபிடித்தாள்.
ஒரே இரவில் நானூறு வரி மாற்றி அனுப்பினாள்.
பெலோட்டாஸிலிருந்து வால்டொமிரோ
(அங்கே கோடை, மின்விசிறி, கையில் மாத்தே குடுவை)
எழுதினான்:
‘சரியாக இருக்கலாம். என்னால் படிக்க முடியவில்லை.
உடைத்துத் தா.’

கோபத்தில் கறுப்பு ரொட்டியை
வேண்டியதைவிட மெல்லிசாக அறுத்தாள்.
பிறகு உடைத்தாள், ஏழாக.

ஒரு பெயரை மாற்றியது முதல் ஒட்டு.
அடுத்தது, இரண்டு இடத்தில் ஒரேமாதிரி நின்ற நாலு வரியை
ஓரிடத்தில் உட்கார வைத்தது.
இப்படியே ஆறு.
ஆறின் நெற்றியிலும் ஒரே குறிப்பு:
செயலில் மாற்றமில்லை.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்போம்.
இவை வேறு அடிகள்.
அம்மி நகரவில்லை என்று
காட்டுவதற்காகவே அடித்தவை.

ஒவ்வோர் அடிக்கும் பின்
கம்பைலர் தன்னைத் தானே பெற்றெடுக்கிறது.
பிறந்தது, தன்னை இன்னொரு முறை பெறுகிறது.
இரண்டையும் அருகருகே கிடத்தி
பைட் பைட்டாக ஒத்துப் பார்க்கிறார்கள்.
ஒரு மச்சம் இடம் மாறினாலும் சிவப்பு.
ஐம்பது நிமிடம் ஆகும்.
அந்த ஐம்பதுகளில் அவள் துணி துவைத்தாள்,
வாசல் பனியை வழித்தாள்,
ஒருமுறை அழுதாள், அது வேறு விஷயம்.

நாலாவதில் வால்டொமிரோ:
‘214ஆம் வரியின் முடிவில் ஒரு வெற்றிடம் மிஞ்சி நிற்கிறது.’
என்ன கண்ணடா!
நீக்கினாள்.
ஒன்றுமில்லாததை இல்லாமலாக்கிய அந்தக் காரியத்துக்கும்
தேதி உண்டு, அவள் பெயர் உண்டு,
நாற்பது எழுத்தில் ஒரு அடையாளம் உண்டு.

ஐந்தாவதை யாரும் பதினோரு நாள் தொடவில்லை.
பதினோரு விடியலும் கோடரி.

ஏழாவது ஒட்டு
ஒரே ஒரு எழுத்து.
இசட் இருந்த இடத்தில் எஸ்.
நமக்குப் புதிதில்லை:
‘வேலை கொடு’ என்று நிற்பவன் வாக்கியத்தில்
ஒரு ‘க்’ தவறி விழுந்தால்
கையில் வேல் வந்துவிடும்.

வால்டொமிரோ உடனே ஒப்புக்கொண்டான்.
கீழே கேட்டிருந்தான்:
‘ஆடுகள் மொத்தம் எத்தனை?’
அவளுக்குத் தெரியாது.
ஐவாரைக் கேட்டாள்.
முப்பத்தொன்று, இரண்டு சினை.
அதைக் குறிப்பில் சேர்க்க இடமில்லை.

புதிய பதிப்பு வெளிவந்தது செப்டம்பரில்.
அப்போது எந்தத் தொட்டியிலும் பனிக்கட்டி இல்லை,
நன்றி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

டிசம்பரில் ஓர் இரவு கழித்தல் நான்கு.
சில்லு சொன்னது: கழித்தல் நான்கு.
சூடேற்றி லேசாக முனகியது.
ஐவார் புரண்டு படுத்தார்.
இருட்டில் ஏதோ ஒரு ஆடு
எழுந்து வந்து குடித்துவிட்டுப் போனது.