ஒற்று மிகும் இடம்

இரவு பத்தரைக்கு வருகிறார்கள் அவர்கள்,
டப்பிங் குரலில், நீலக் கையுறையில்.
பிணத்தின் பக்கத்தில் மண்டியிடும்போதும்
தலைமுடி கலையாத ஒருத்தி
இடுக்கியில் ஒற்றை இழையைத் தூக்கிப் பார்த்துக்
கண்ணைச் சுருக்குகிறாள்.
இசை மாறுகிறது.
"மாமனார்தான்" என்கிறார் என் வீட்டுக்காரர்
சப்பாத்தியைப் பிய்த்தபடி.
விளம்பரம் உட்பட முக்கால் மணி நேரம்.
பெரும்பாலும் அவர் சொன்ன ஆள்தான்.

"நீயும் இந்த வேலைதானேம்மா?"
என்று கோசலை கேட்டபோது ஆமாம் என்றேன்.
தப்பில்லை.
பாதி உண்மை.

காலை ஆறேகாலுக்கு
தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் சேலம் வண்டி.
மடியில் அட்டைப்பெட்டி;
போன வாரம் வரை அதில் ஃபினாயில் இருந்தது.
உள்ளே நாலு பாட்டில்.
இரைப்பை ஒன்றில், குடல் ஒன்றில்,
கல்லீரலில் ஒரு துண்டும் சிறுநீரகத்தில் பாதியும் ஒன்றில்.
நாலாவதில் வெறும் உப்புத் தண்ணீர்,
மற்ற மூன்றிலும் தண்ணீரே பொய் சொல்கிறதா என்று பார்க்க.
ஆஸ்பத்திரியில் உப்பு தீர்ந்துபோய்
எதிர்க்கடையில் நான்தான் வாங்கினேன்
ரெண்டு பாக்கெட் கல்லுப்பு.
மீந்ததை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.
போயிருக்கலாம். உப்புதானே.
ஃபேனை நிறுத்திவிட்டு
மெழுகுவத்தியில் அரக்கு உருக்கி சீல் வைத்தோம்.

சின்னபாப்பா, வயது முப்பத்தொன்று.
காரிமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி
குத்தகை மாந்தோப்பு.
வயிற்றுவலி என்றான் புருஷன்.
தோப்புக்கு அடிக்கிற மருந்து டப்பா
கழுவிக் கவிழ்த்திருந்தது,
சோற்றுக் குண்டானுக்குப் பக்கத்தில்.
மருந்து டப்பாவை யார் கழுவுவார்கள்?
நான் கண்ணைச் சுருக்கினேன்.
இசை எதுவும் மாறவில்லை.
"ரிப்போர்ட் வரட்டும், நீ எதுவும் எழுதாத"
என்றார் எஸ்.ஐ.

தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில்
வண்டி வளைகிற ஒவ்வொரு முறையும்
அவள் என் தொடையில்
லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தாள்.
பக்கத்து சீட் அம்மாளுக்கு
கண்ணாடி மோதும் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.
"ஊறுகாயா?"
மப்டியில் இருந்தேன். ஆமாம் என்றேன்.
"எந்த ஊர் மாங்கா?"
"காரிமங்கலம்."
"நல்ல சதப்பத்தா இருக்குமே."
அதற்குமேல் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.
லாரிகள். குரங்குகள். லாரிகள்.

ஆய்வகத்துக் கவுன்ட்டரில்
காகிதத்தையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.
"கோர்ட் கடுதாசியில் சின்னப்பாப்பா.
லேபிளில் சின்னபாப்பா. ரெண்டு பேரா?"
"ஒரே ஆள்தான் சார்."
"அது எனக்கு எப்படித் தெரியும்?"

வல்லினம் மிகும் இடம், மிகா இடம்:
பத்தாம் வகுப்பில் நாலு மார்க்.
சாய்ஸில் விட்டுவிட்டேன் நான்.
ஒற்று என்றால் உளவு என்றும் பொருள் உண்டாம்.
ஒரு புள்ளி வைத்த ப்
எங்கள் ஸ்டேஷனில் யாரும் கண்டுபிடிக்காததைக்
கண்டுபிடித்து என்னைத் திருப்பி அனுப்பியது.
சீல் வைத்த பெட்டியில்
பேனா படக்கூடாது. அதுதான் சட்டம்.

சேலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்
நேற்றைய எபிசோட் மறுபடியும்,
சத்தம் இல்லாமல்.
மாமனார் அழுகிறார்.
நீலக் கையுறையைக் கழற்றிக் கூடையில் போடுகிறாள்,
அவ்வளவு சுலபமாக.
பெட்டியைக் கீழே வைக்க மனசில்லாமல்
ஒற்றைக் கையில் டீ குடித்தேன்.

அப்போது போன். வியாழக்கிழமை.
கூழ் ஃபேக்டரி ஷிப்ட் முடிந்தால்
தீர்த்தகிரி கூப்பிடுவான், தவறாமல்.
"ரிசல்ட் வந்துச்சுங்களா மேடம்?
டிவியில ஒரே நாள்ல சொல்லிடறாங்களே."
குத்திக்காட்டவில்லை.
நிஜமாகவே கேட்கிறான்.

பேர்ல ஒரு எழுத்து தகராறு என்றேன்.
"உங்க அக்கா அவங்க பேர
எப்படிப்பா எழுதுவாங்க?"

பின்னால் மாம்பழ லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்
ரொம்ப நேரம் கேட்டது.

"அவ எங்கங்க எழுதுனா.
கைநாட்டுதான்."

திரும்பும் வண்டியில் நிற்கத்தான் இடம்.
கணவாய் ஏற்றத்தில் பெட்டி
என் வயிற்றுப் பக்கமாகச் சரிந்தது.
கம்பியை விட்டுவிட்டு
ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.