கதவை அறையாதீங்க

கருப்பூர் தாண்டும்போது
வெள்ளைக்கல் ஏற்றிய டிப்பரிலிருந்து
புளியங்கொட்டை அளவில் ஒன்று துள்ளி வந்தது.
டப்.
அவ்வளவுதான் சத்தம்.
"ஒண்ணும் ஆகாது" என்றார் வரதன்.
முப்பத்தொரு வருடமாக நான் கேட்டுவரும் வாக்கியம்.

எங்கள் வீட்டுக்குப் பதினேழடி நீளம், ஆறு டயர்.
முன்பு பள்ளிக்கூட வேன்.
"பிரவீன் லூசு" என்று யாரோ கீறியது
கட்டிலுக்கு மேலே இன்னும் இருக்கிறது.
அடுப்பு, தண்ணீர்த் தொட்டி,
முகம் பார்க்க ஒரு கண்ணாடி,
ஊர் பார்க்க ஒரு கண்ணாடி.
இரண்டாவதில்தான் கல்.

அப்படியே ஏற்காடு ஏறினோம்.
விரிசலின் நுனி போய் நின்ற இடத்திலெல்லாம்
புருவப் பென்சிலால் கோடு போட்டு
வளைவின் எண்ணை எழுதிக்கொண்டே வந்தேன்.
மூன்றில் ஒரு விரற்கடை.
ஏழில் ஒரு சாணுக்கு ஆசைப்பட்டது.
பதினொன்றில் குரங்குக் குடும்பத்துக்காக பிரேக் அடித்தார்,
வளைந்து மேல்நோக்கித் திரும்பியது.
பதினாலில்,
"அளக்கிறதை முதல்ல நிறுத்து."
நிறுத்தினேன்.

இரவு ஏரியோரம் பனி.
காலையில் வெயில் விழுந்ததும்,
நாங்கள் காபி குடித்துக்கொண்டிருக்க,
யாரும் தொடாமலே
அது மறு ஓரம் போய்ச் சேர்ந்தது.
நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
சொல்லாதது அவருக்கு நன்றாகவே கேட்டது.
இறங்கிப் போய்க் கதவை அறைந்தார்.
பழைய வீட்டில் அறைய எட்டுக் கதவுகள்.
இதில் மூன்றுதான், பாவம்.

கொண்டலாம்பட்டி பைபாஸில் மாதேஸ் கடை.
"இந்த மாடல் கோயம்புத்தூர்லதாங்க இருக்கு.
ராத்திரி பார்சல்ல போடச் சொல்றேன்."
ஷெட்டுக்குள்ளேயே தூங்கினோம்.
தட்டுவடை செட் வாங்கிவந்த பச்சமுத்து
மீதி மூன்று ரூபாயை எண்ணிக் கையில் வைத்தான்.

பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள்.
உள்ளே மாதேஸ், வெளியே பச்சமுத்து,
நடுவில் பசையை அறுக்கும் மெல்லிய கம்பி.
"இழு."
"விடுண்ணே."
"இழு."
ஒரே சமயத்தில் இரண்டு பேரும் இழுத்தால்
கம்பி அறுந்துவிடுமாம்.
நான் வரதனைப் பார்க்கவில்லை.
அவரும் காலி டீ கிளாஸையே
மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி முழுசாகக் கழன்று வந்தது.
வீட்டுக்கு இப்போது முகம் இல்லை.
டீசல் காற்று நேராக வந்து
அடுப்பை இரண்டு தரம் அணைத்தது.
லாரி டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்து
"என்னக்கா இருக்கு சாப்பிட?" என்றார்.
ரசம், முட்டை என்றேன்.
தின்றுவிட்டு நாற்பது ரூபாய் வைத்தார்.
நானும் எடுத்துக்கொண்டேன்.

பழைய கண்ணாடியைச் சுவரில் சாய்த்து
மாதேஸ் படித்தார்: "மூணு, ஏழு, பதினொண்ணு...
இதென்னக்கா, பதினாலோட நிக்குது?"
"அதுக்கு மேல அளக்கலீங்க."
வரதன் இருமினார்.

மதியத்துக்குள் புதுசு உட்கார்ந்துவிட்டது.
"ஈரப் பசைங்க. இருபத்து நாலு மணி நேரம்
கதவை அறையாதீங்க.
உள்ள இருக்கிற காத்து போக வழியில்லாம
கண்ணாடியைத் தள்ளிரும்.
ஒரு ஜன்னல் லேசா திறந்தே இருக்கட்டும்."
இதை ஏனோ
அவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

சாயங்காலம் ஐந்துக்கு வந்தது அடுத்த சண்டை.
பழைய கண்ணாடியோடு போன டோல் ஸ்டிக்கர்;
புதுசுக்கு யார் எழுதிப் போடுவது,
அதில் கிடக்கும் அறுநூறு ரூபாய் என்ன ஆகும்,
அப்புறம் எப்படியோ
என் தங்கை கல்யாணம் வரைக்கும் போனது.

எழுந்தார்.
இறங்கினார்.
கதவில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.
பிறகு இரண்டு கையாலும்,
கொதிக்கும் பால் பாத்திரத்தை மூடுவதுபோல்,
மெல்லச் சாத்தினார்.
பிடிக்கவில்லை.
திறந்து மறுபடி சாத்தினார்.
பிடிக்கவில்லை.
மூன்றாம் முறை 'க்ளிக்'.

முன்னால் சுற்றி வந்து பார்த்தார்.
கோடோ எண்ணோ இல்லாத கண்ணாடி,
நான் சிரித்தது முழுவதும் தெரிந்திருக்கும்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு
டயரை உதைத்துப் பார்த்தார்.

மணி பார்த்தேன்.
இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது.